பூனைக் காப்பகத்துக்குள் பான்லூக் நுழைந்தால்

இரவு நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிய குட்டி, காலையில் மூலையில் விறைத்துக் கிடக்கிறது. ‘யாரோ விஷம் வெச்சுட்டாங்க’ என்பதுதான் முதலில் எழும் சந்தேகம். மறுநாள் அதே அறையில் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இரண்டு. தெருப்பூனைகளை மீட்டு வளர்ப்பதில் அனுபவப்பட்டவர்கள் இந்தக் கட்டத்தில் அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, மலப் பரிசோதனைக்கான பார்வோ கிட்டைத் தேடுவார்கள்.

ஃபீலைன் பான்லூகோபீனியா என்பது நோயின் முழுப் பெயர். மீட்பர்கள் வாயில் அது ‘பான்லூக்’. பார்வோ குடும்பத்து வைரஸ். 1978 வாக்கில் உலகம் முழுக்க நாய்க்குட்டிகளைக் கொன்று குவித்த பார்வோவுக்கு இது நெருங்கிய சொந்தம். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மனிதர்தான் இதை ஊர் ஊராகச் சுமந்து செல்கிறார்கள்.

உடலுக்குள் நடப்பது

வேகமாகப் பெருகும் செல்களில்தான் இந்த வைரஸ் குடியேறும். குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை. குடல் சுவர் உரிந்து, அங்கிருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களை உற்பத்தி செய்யும் மஜ்ஜையும் அதே நேரத்தில் முடங்கிவிடுகிறது. நல்ல நிலையில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 5,000-க்கு மேல் இருக்கும் வெள்ளணுக்கள், மோசமான பாதிப்பில் சில நூறாக இறங்கிவிடும். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பத்துக்கு ஒன்பது வரை இறக்கலாம்.

காய்ச்சல், சோர்வு, மஞ்சள் நுரையாக வாந்தி, நாற்றமடிக்கும் பேதி என்று பட்டியல் போடலாம். ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காத அடையாளம் வேறு. குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி குந்தியிருக்கும். மோவாய் தண்ணீரைத் தொடும், நாக்கு மட்டும் வெளியே வராது. தாகம் இருக்கிறது, குமட்டல் குடிக்கவிடவில்லை. இந்தக் கோலத்தைப் பார்த்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

காப்பகங்களில் ஏன் இவ்வளவு சாவு?

தொற்றிய பூனை பெரும்பாலும் ஒரு வாரம் வரை அறிகுறி காட்டாமல் இருக்கும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். மழையில் நனைந்த குட்டியைப் பாவம் பார்த்து உள்ளே கொண்டுவரும்போது, நோயும் அதோடு உள்ளே வந்திருக்கலாம். நம்மூரில் பூனைக் காப்பகம் என்பது பல இடங்களில் ஒருவருடைய வாடகை வீட்டின் ஒரு படுக்கையறை, மிஞ்சினால் மொட்டைமாடிக் கொட்டகை. தனி வார்டுக்கு எங்கே போவது? பிழைத்த பூனையும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸை வெளியேற்றும். வெளியே விழுந்த வைரஸ் சாதாரண அறை வெப்பத்தில் ஓராண்டு வரை தாக்குப்பிடிக்கும்.

வசதியான நாடுகளும் இதில் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் அநேகமாகக் காணாமல் போயிருந்த பான்லூக், 2014-இல் விக்டோரியா மாநிலத்தின் மில்டுராவில் மறுபடி தலைகாட்டியது. அடுத்து மெல்போர்ன், 2017-இல் சிட்னி. பலியானவற்றில் பெரும்பாலானவை தடுப்பூசி போடாத தெருப்பூனைகளும் காப்பகக் குட்டிகளும்தான். இத்தனைக்கும் வைரஸ் தடுப்பூசிக்கு அடங்காததாக மாறிவிடவில்லை. நோயைப் பார்க்காமலே ஒரு தலைமுறை கடந்ததில், காப்பகங்களில் ஊசி போடுவது தளர்ந்திருந்தது.

முதல் வேலை கேட்டை மூடுவது

இதைச் சொன்னால் மீட்பர்களுக்குக் கோபம் வரும். ‘ரோட்டில் கிடக்கும் குட்டியை எப்படி வேண்டாம் என்பது?’ என்பார்கள். என் அபிப்பிராயத்தில், நோய் பரவும் வீட்டுக்குள் புதுக் குட்டியை எடுப்பது மீட்பே அல்ல. கடைசி நோயாளி கண்டறியப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 14 நாள், உள்ளே எதையும் எடுக்கக்கூடாது, வெளியே எதையும் தத்துக் கொடுக்கவும் கூடாது.

பிறகு பூனைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: நோயுற்றவை, அவற்றோடு பழகியவை, பழகாதவை. முடிந்தால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி ஆள். ஒரே ஆள்தான் என்றால், பழகாதவற்றை முதலில் கவனித்து, நோயுற்ற அறைக்குக் கடைசியில் போக வேண்டும். அந்த அறைக்கென்று ஒரு பழைய நைட்டி அல்லது சட்டை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, தனிக் கிண்ணம், தனி மலத் தட்டு இருக்கட்டும். எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. துப்பட்டா நுனியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். குனிந்து தட்டை எடுக்கும்போது தரையில் புரளும் அந்த நுனி, அடுத்த அறையில் குட்டி விளையாடும் பொருளாகிவிடும்.

நான்கு வாரத்தைத் தாண்டிய எல்லாப் பூனைக்கும் உடனே தடுப்பூசி போட வேண்டும். உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் ஊசி சில நாட்களிலேயே பாதுகாப்புத் தரத் தொடங்கும் என்பதால், பரவல் நேரத்திலும் அது வீண் போகாது. சினைப்பூனைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஊசியைப் போடாதீர்கள். சினைக்காலத்தில் வைரஸ் தாக்கினால் குட்டிகளின் சிறுமூளை முழுமையாக வளராமல் போகலாம். தள்ளாடித் தள்ளாடி நடக்கிற குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இப்படிப் பிறந்தவை. அந்தத் தள்ளாட்டம் போகப்போக மோசமாவதில்லை. கொஞ்சம் கவனித்தால் ஆயுள் முழுக்க நன்றாகவே வாழும்.

பினாயிலைத் தொடாதீர்கள்

நம் வீடுகளில் சுத்தம் என்றாலே பினாயில் வாசனைதான். ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. எனவே பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு விஷம். பார்வோவை நம்பகமாகக் கொல்லவும் அவற்றால் ஆகாது. கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசருக்கும் இது சாகாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வேலை செய்வது பிளீச். 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலில் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். அதற்குமுன் மலம், சிறுநீர், வாந்தியை சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வீரியம் இழந்துவிடும். கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். பூனைகளை அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். அட்டைப்பெட்டி, மெத்தை, கயிறு சுற்றிய மரக்கட்டை போன்றவற்றைச் சுத்தம் செய்ய முடியாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறிய வேண்டியதுதான்.

சிகிச்சை

வைரஸைக் கொல்லும் மருந்து கால்நடை மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பதில்லை. டிரிப்ஸ் ஏற்றி நீரிழப்பை ஈடுகட்டுவது, வாந்தியை நிறுத்துவது, பாக்டீரியா தொற்றுக்கு ஆன்டிபயாடிக், உடல்சூடு குறையாமல் பார்ப்பது, குமட்டல் தணிந்ததும் சிறிது சிறிதாக உணவு. இவ்வளவுதான். இதையே விரைவாகத் தொடங்கினால் கணிசமான குட்டிகள் பிழைக்கின்றன. காய்ச்சல் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரையில் பூனை இறந்துபோகலாம்.

தடுப்பூசி எப்போது?

வீட்டுப் பூனைக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி தொடக்க ஊசிகளைச் செல்லாக்காசாக்கிவிடலாம். அதனால் ஒரே ஊசியோடு நிறுத்துவது வீண். பூஸ்டர் எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கும் ஊசி அவசியம். உங்கள் செருப்பு தினமும் வெளியே போய்வருகிறதே!

உதவ நினைப்பவர்களுக்கு

‘எங்களிடம் பான்லூக் வந்திருக்கிறது’ என்று ஒரு காப்பகம் வெளிப்படையாகச் சொன்னால், தயவுசெய்து அவர்களைத் திட்டாதீர்கள். மறைத்துவிட்டுத் தத்துக் கொடுப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். அந்த நேரத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம். டிரிப்ஸ், பிளீச், தடுப்பூசிச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள். மூடிய கேட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு வாரம் உங்கள் குளியலறையில் இடம் கொடுத்து, முதல் ஊசியைப் போட்டு வையுங்கள்.