இடுப்பு நோவும் தோள் நோவும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வடதேசம் வரை லாரி ஓட்டுவோரின் இடுப்பும், சேலத்துக் கிராமங்களில் குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் நெய்வோரின் தோளும், முதுமை வருமுன்பே நோகத் தொடங்கிவிடுவது இப்பகுதியில் பலரும் அறிந்த விஷயம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும், அது பலிக்காதபோது கட்டிலோடு கிடப்பதுமே அவர்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் சிகிச்சை. வைத்தியரைக் கேளாமல் மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்; நெடுநாள் படுக்கையோ தசைகளை மெலியச் செய்து, மூட்டுகளை இறுக்கி, எந்த வலிக்கு அஞ்சிப் படுத்தோமோ அதையே வளர்த்துவிடும். ஆகவே, புனர்வாழ்வுச் சிகிச்சையில் வலியைத் தணிப்பதன் நோக்கம் நோயாளியை அசையவைப்பதே என்பதை ஆணித்தரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வலிச்செய்தி மூளையை அடையுமுன் முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடக்கிறது என்றும், ஸ்பரிச உணர்ச்சி அவ்வாயிலை ஓரளவு சாத்துகிறது என்றும், மனநிலையும் அதைத் திறக்கவோ அடைக்கவோ வல்லது என்றும் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965-ல் விளக்கினர். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுவதன் காரணம் இதில் விளங்கும். சிகிச்சையாளரின் ஆறுதல் மொழியும் மருந்தில் சேர்த்தியே என்பதும் விளங்கும்.

பக்கவாதம் கண்டவரின் தோள்வலி தனிக் கவனத்துக்குரியது. செயலற்ற கை தொங்குகையில் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்க, வீட்டார் அன்பின் மிகுதியால் அந்தக் கையையே பிடித்து இழுத்து எழுப்புகிறார்கள்; தோள் கெடுவதற்கு அதுவே போதும். உடலைத் தாங்கி எழுப்பி, உட்கார்ந்தபின் கையைத் தலையணைமீது வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வருகிறது. நோயாளிக்குச் செய்விக்கும் பயிற்சியைக் காட்டிலும், இத்தகைய பக்குவத்தை வீட்டுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கற்பிப்பதையே அதன் பெரும்பயனாக நான் கருதுகிறேன்.

“பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்ய வேண்டாமுங்க” என்று சொல்லிக்கொடுப்பவரே நல்ல சிகிச்சையாளர். பயிற்சியின்போது எழும் சிறுநோவு சற்றுநேரத்தில் அடங்கினால் தொடரலாம். இரவு உறக்கத்தைக் கெடுத்து மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆனால் இடுப்பு வலியோடு கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற் போனாலோ, பயிற்சியையும் தைலத்தையும் விட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றுவிட வேண்டும்.