அளவறிந்து மிதித்தல்

மிதிவண்டி ஓட்டுபவரின் உடல் வண்டியைத் தொடும் இடங்கள் இருக்கை, கைப்பிடி, பெடல் ஆகிய மூன்றே. இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவிலும் உயரத்திலும் சாய்விலும் அமைய வேண்டும் என்பதை ஓட்டுபவரின் உடலளவையும் அவர் உடல் வளையும் தன்மையையும் கொண்டு முடிவுசெய்வதையே மிதிவண்டித் துறையினர் 'பைக் ஃபிட்' என்கின்றனர். தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பதை இது ஒத்திருந்தாலும், சட்டையின் இறுக்கம் போட்டவுடனே தெரிந்துவிட, வண்டியின் பொருத்தமின்மையோ நெடுநேரம் மிதித்த பிறகுதான் முழங்காலிலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ வலியாக வெளிப்படுகிறது. நிமிடத்திற்கு 80 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை மடங்கி நீள்வதால், இருக்கையின் உயரத்தில் உள்ள சிறு பிழைகூட நாளடைவில் மூட்டுக்குச் சுமையாகிவிடுகிறது.

பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்த 19ஆம் நூற்றாண்டின் உயரச் சக்கர வண்டிகளில், கால் எட்டும் அளவுக்குத்தான் சக்கரம் பெரிதாக இருக்க முடியும் என்பதால், கால் நீளத்தைப் பார்த்தே வண்டி வாங்க வேண்டியிருந்தது. 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டி, பெடலின் விசையைச் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்திற்குக் கொண்டுசென்றதால், சக்கரத்தின் அளவுக்கும் கால் நீளத்திற்கும் இருந்த கட்டு அறுந்தது. அதன் வழிவந்த வண்டிகளில் இருக்கையை ஏற்றவும் இறக்கவும் வழி இருந்தாலும், அதைப் பயன்படுத்தியோர் குறைவு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெரியவர்களின் சைக்கிளில் பழகிய சிறுவர்கள், இருக்கையை எட்ட முடியாமல், பாருக்குக் கீழுள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து ஓட்டிய 'குரங்கு பெடல்', வண்டிக்கு உடல் வளைந்துகொடுத்ததற்குத் தக்க சான்று. உடலுக்கு வண்டியை வளைந்துகொடுக்கச் செய்வதே பொருத்தம் பார்த்தலின் நோக்கம்.

இதற்கெனச் சில கணக்குகள் வழக்கில் உள்ளன. சுவரில் முதுகு சாய்த்து நின்று, கவட்டிலிருந்து தரைவரை எடுக்கும் அளவுக்கு உள்கால் அளவு என்று பெயர். 1967இல் ஹேம்லி, தாமஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், கீழ்நிலையில் உள்ள பெடலின் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை உள்ள தொலைவு உள்கால் அளவைப்போல் 1.09 மடங்கு இருக்க வேண்டும் என்றனர். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 1980களில் பரவலாக்கிய வழியோ, பெடல் தண்டான கிராங்க் சுழலும் மைய அச்சிலிருந்து 0.883 மடங்கு உயரத்தைப் பரிந்துரைக்கிறது. உள்கால் அளவு 78 சென்டிமீட்டராகவும் கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டராகவும் உள்ள ஒருவருக்குக் கணக்கிட்டால், முதல் வழி பெடலிலிருந்து ஏறத்தாழ 85 சென்டிமீட்டரையும், இரண்டாவது வழி ஏறத்தாழ 85.9 சென்டிமீட்டரையும் தருகின்றன. நன்கறியப்பட்ட இரண்டு வழிகளுக்கு இடையிலேயே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு இருப்பதால், கணக்கு தொடங்குமிடத்தைத்தான் காட்டுகிறது என்பது தெளிவு.

எஞ்சிய தொலைவைக் கடக்க உதவுவது, உளவியலார் 'முயன்று தவறிக் கற்றல்' என்று குறிப்பிடும் முறை. அளவுநாடா இல்லாதவர்கூட, இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையில் உள்ள பெடலில் குதிகாலை வைக்கும்போது முழங்கால் நேராக நீளும் உயரத்திலிருந்து தொடங்கலாம். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்காலில் சிறிய மடிப்பு தானாகவே அமையும். அங்கிருந்து ஒரு முறைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர்வரை மட்டும் மாற்றி, அதே நிலையில் சில நாள்கள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்திற்குச் செல்ல வேண்டும். ஒரே நாளில் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து மாற்றுபவருக்கு, வலி குறைந்தாலும் கூடினாலும் எது காரணம் என்பது புலப்படாது. மேலும், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் பெடலும் கைப்பிடியும் ஒருசேர விலகிப்போவதால், ஒன்றைத் தொட்டால் மற்றொன்றையும் சரிபார்க்க வேண்டிவரும்.

உடல் தரும் குறிப்புகளைப் படிக்கத் தெரிவது இம்முறையின் உயிர்நாடி. முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்ந்தோ மிகவும் முன்னே தள்ளியோ இருக்கலாம்; பின்புறம் இழுத்துப் பிடித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடினாலோ அது உயர்ந்திருக்கலாம். உள்ளங்கை மரத்துப்போவது, கைப்பிடி தாழ்ந்தோ தொலைவிலோ இருப்பதையும், இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து உடலை முன்னே சரியவிடுவதையும் சுட்டலாம். மெத்தென்ற இருக்கையே சுகம் தரும் என்ற எண்ணமும் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. உட்காரும்போது எடையைத் தாங்கும் இரு இடுப்பெலும்பு முனைகளுக்கு அடியில் போதிய அகலம் இல்லாவிட்டால், எவ்வளவு பஞ்சு வைத்தாலும் அழுத்தம் இடையிலுள்ள மென்தசையின்மீதே விழும்.

பொருத்தம் என்பது ஒருமுறை கண்டுபிடித்து முடித்துவிடும் எண் அன்று என்பதற்கு, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தம் முதல் டூர் டி பிரான்ஸ் வெற்றிக்குச் சில வாரங்களுக்குப் பின், 1969 செப்டம்பரில் பிரான்சின் ப்ளுவா நகரில் நடந்த ஓடுதளப் பந்தயத்தில் அவர் விழுந்தார்; அவருக்கு முன்னால் மோட்டார் வண்டியில் சென்ற ஃபெர்னாண்ட் வாம்ப்ஸ்ட் உயிரிழந்தார். அந்த விபத்துக்குப் பின் வலியின்றி அமரும் நிலை மெர்க்ஸுக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை. பந்தயத்தின் நடுவிலேயே இருக்கையின் உயரத்தை மாற்றிக்கொள்வது அவருக்கு வழக்கமாயிற்று. ஐந்து டூர் வெற்றிகளில் நான்கை இவ்வாறு திருத்திக்கொண்டே இருந்த உடலோடுதான் அவர் பெற்றார். காயம், வயது, எடை, பயிற்சி ஆகியவற்றால் உடல் மாறும்போதெல்லாம் நேற்றைய அளவு பழையதாகிவிடுகிறது.

வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியை, வளரும் வயதில் உள்ள மாணவர் முதல் நாள் கிடைத்த உயரத்திலேயே பள்ளி முடியும்வரை ஓட்ட வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனரைக் கொண்டு, இருக்கைத் தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியாத அளவுக்கு இருக்கையை ஏற்றியிறக்கி, பொருந்திய உயரத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவைப்பது பத்து நிமிட வேலை. ஆண்டுக்கு இருமுறையேனும் பெற்றோர் இதைச் செய்துகொடுக்க வேண்டும்.