ரவுட்டரின் கதவு எவருக்குத் திறக்க வேண்டும்?

வங்கிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினிகள் சிறு சிறு வலையமைப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ‘ரவுட்டர்’ எனும் கருவியால் இணைக்கப்படுகின்றன. ஒரு வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வேளையில் விடுக்கப்படும் அழைப்பே ‘புரோட்காஸ்ட்’ ஆகும். ஊரின் நடுவே ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். அந்த ஓசை அடுத்த ஊரைக் குழப்பாமல் தடுத்து நிறுத்துவது ரவுட்டரின் கடமைகளுள் ஒன்றாகும்.

எனினும் முன்னர் இக்கதவு ஒரு வகையில் திறந்தே கிடந்தது. வெளியிலிருந்து ஒரு வலையமைப்பு முழுவதற்கும் அனுப்பப்படும் அழைப்பை ரவுட்டர்கள் இயல்பாகவே அனுமதிக்க வேண்டுமென 1995ஆம் ஆண்டின் இணைய நியமம் விதித்திருந்தது. இதனைத் தீயோர் பயன்படுத்திக்கொண்டனர். தாக்கப்பட வேண்டியவரின் முகவரியை அனுப்புநர் முகவரியாகப் பொய்யாக இட்டு, ஒரு சிறு வினாவை அனுப்பினால் போதும். நூறு கணினிகள் விடையளித்தால் நூறு விடைகளும் அந்த அப்பாவியின் மீதே சென்று விழும். ‘ஸ்மர்ஃப்’ எனப்பட்ட இத்தாக்குதல் குறித்து அமெரிக்காவின் ‘சேர்ட்’ மையம் 1998 ஜனவரியில் எச்சரித்தது. 1999 ஓகஸ்டில் நியமம் தலைகீழாக மாற்றப்பட்டது. இயல்புநிலை மறுப்பாயிற்று.

அதற்காக எல்லா அழைப்புகளையும் மறுத்துவிடவும் இயலாது. புதிதாக இயங்கத் தொடங்கும் கணினி, தனக்கொரு முகவரி வேண்டிப் பொது அழைப்பே விடுக்கின்றது. முகவரி வழங்கும் சேவர் வேறொரு வலையமைப்பில் இருப்பின், ரவுட்டர் இடைத்தூதராகச் செயற்பட வேண்டும். சிஸ்கோ ரவுட்டர்களில், கணினிகள் இருக்கும் பக்கத்து இணைமுகத்தில் ‘ஐபி ஹெல்ப்பர் அட்ரஸ்’ என்ற கட்டளையுடன் சேவரின் முகவரியைக் கொடுத்தால், அக்கோரிக்கை அந்தச் சேவருக்கு மட்டும் நேரடியாக அனுப்பப்படும்.

இங்கேதான் விழிப்புத் தேவை. இவ்வொரு கட்டளை முகவரிக் கோரிக்கையை மட்டுமன்றி, பெயர் தேடல், கோப்பு மாற்றம் முதலான வேறு சேவைகளின் அழைப்புகளையும் இயல்பாகவே கடத்துகின்றது. வேண்டாதவற்றைத் தனித்தனியே நிறுத்திவிட வேண்டும். அவ்வாறே, அணைந்திருக்கும் கணினிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் பொருட்டு வெளி அழைப்பை அனுமதிக்க நேர்ந்தால், நிர்வாகியின் கணினிக்கு மாத்திரம் அவ்வுரிமையை வழங்குவதே முறை.

கதவைத் திறந்து வைத்தவருக்கு இழப்பு உடனே தெரிவதில்லை. அடிபடுபவர் எங்கோ இருக்கும் அயலவர். எனவே ரவுட்டரைச் சீராக அமைப்பது தொழில்நுட்பவியலாளரின் வசதி பற்றிய விடயமன்று, அயலவர்க்கு ஆற்ற வேண்டிய பொறுப்பு என்பதே எமது நிலைப்பாடாகும்.