கம்ப்யூட்டர் கெட்டால் பழி யார் மேல்? உலகத்தை உலுக்கிய 3 சம்பவங்கள்!

கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிடுகிறது. திரை நீல நிறமாக மாறுகிறது. எழுதி வைத்த கணக்கு காணாமல் போகிறது.

உடனே சண்டை தொடங்குகிறது!

"நீங்கள் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டீர்கள்" என்கிறார், பழுது பார்க்க வந்தவர். "நான் ஒன்றும் செய்யவில்லை. இந்த விண்டோஸே இப்படித்தான்!" என்கிறார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருப்பவர்.

இதில் யார் சொல்வது உண்மை? உலகத்தை உலுக்கிய 3 சம்பவங்கள் இதற்கு விடை சொல்கின்றன.

உள்ளே ஒரு மானேஜர்

பெரிய ஓட்டலில் ஒரு மானேஜர் இருப்பார். எந்த மேஜைக்கு யார் பரிமாறுவது, சமையல் அறைக்குள் யாரை விடுவது, கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம் இருப்பது என்பதை எல்லாம் அவர்தான் முடிவு செய்வார்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு மானேஜர் உண்டு. அதன் பெயர் "ஆப்பரேட்டிங் சிஸ்டம்". விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் இந்த வகைதான். செல்போனில் இருக்கும் ஆண்ட்ராய்டும் இதே வகைதான்.

மானேஜர் தூங்கினால் திருடன் நுழைவான். அதே சமயம், ஓட்டலுக்கு வந்தவரே திருடனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தால், மானேஜர் என்ன செய்வார்?

காதல் கடிதம்!

2000-ம் ஆண்டு மே மாதம் 4-ந்தேதி. உலகம் முழுவதும் ஆபீசுகளில் இருந்தவர்களுக்கு ஒரு இ-மெயில் வந்தது. "ஐ லவ் யூ" என்பது அதன் தலைப்பு. கூடவே ஒரு கடிதம் இணைக்கப்பட்டு இருந்தது.

யாருக்குத்தான் ஆசை வராது? லட்சக்கணக்கானவர்கள் அதைத் திறந்தார்கள். வந்தது வினை!

அது கடிதம் அல்ல, வைரஸ்! திறந்தவரின் கம்ப்யூட்டரில் இருந்த படங்களை அது அழித்தது. அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னையே தபாலில் அனுப்பிக்கொண்டது. இங்கிலாந்து பாராளுமன்றம் தன் இ-மெயிலை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இதைச் செய்தவர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவில் இருந்த ஒரு வாலிபர். அப்போது அந்த நாட்டில் இந்தக் குற்றத்துக்குச் சட்டமே கிடையாது. அதனால் அவர் தண்டனையில் இருந்து தப்பினார்!

"முன்பின் யோசிக்காமல் திறந்தவர்கள் முட்டாள்கள்" என்று பலர் ஏசினார்கள். அது நியாயமா?

ஒவ்வொரு பைலின் பெயருக்கும் கடைசியில் ஒரு சிறிய வால் இருக்கும். "டி.எக்ஸ்.டி." என்று முடிந்தால் அது வெறும் எழுத்து. "வி.பி.எஸ்." என்று முடிந்தால் அது வேலை செய்யும் புரோகிராம். இந்த வைரசின் பெயரில் இரண்டு வால்களும் இருந்தன. முதலில் டி.எக்ஸ்.டி.; கடைசியில் வி.பி.எஸ்.

கடைசி வாலைக் காட்டாமல் மறைப்பது விண்டோசின் வழக்கம். ஆகவே, பலரின் கண்ணில் பட்டது டி.எக்ஸ்.டி. மட்டும்தான். அபாயம் என்று எழுதிய பலகையை மானேஜரே துணி போட்டு மூடி வைத்தது போல ஆகிவிட்டது!

திறந்தது மனிதன். மறைத்தது சிஸ்டம். பழி இருவருக்கும் சரிபாதி!

ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி நடந்தது, இதைவிடக் கொடுமை.

இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. "300 டாலர் கொடு, இல்லாவிட்டால் உன் பைல்கள் திரும்பக் கிடைக்காது" என்று திரையில் மிரட்டல் வந்தது. "வான்னாகிரை" என்பது அந்த வைரசின் பெயர்.

டாக்டர்களால் நோயாளிகளின் குறிப்புகளைப் பார்க்க முடியவில்லை. 5 பகுதிகளில் அவசர நோயாளிகள் தூரத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்படி ஆயிற்று. ரத்தான சிகிச்சை நாட்கள் 19 ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. 150 நாடுகளில் இதே கதி.

இந்தத் தடவை யாரும் எந்தக் கடிதத்தையும் திறக்க வேண்டியது இருக்கவில்லை. விண்டோசில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது.

அப்படியானால், பழி முழுவதும் விண்டோஸ் மீதா?

அதுவும் இல்லை! மார்ச் மாதம் 14-ந்தேதியே ஓட்டையை அடைக்கும் "அப்டேட்"டை மைக்ரோசாப்ட் கம்பெனி வெளியிட்டுவிட்டது. சுமார் 2 மாதம் அவகாசம் இருந்தது. வைரஸ் புகுந்த ஆஸ்பத்திரிகள் அதைப் போடவில்லை.

காரணம் வெறும் சோம்பல் அல்ல. உடம்புக்குள் படம் எடுக்கும் ஸ்கேன் எந்திரங்கள் சிலவற்றிலும் பழைய விண்டோஸ் இருந்தது. எந்திரம் செய்த கம்பெனியைக் கேட்காமல் அதில் யாரும் கை வைக்க முடியாது.

நர்ஸ் மீது தப்பு இல்லை. டாக்டர் மீது தப்பு இல்லை. ஓட்டை விட்டவர் ஒருவர், அடைக்காமல் விட்டவர்கள் வேறு சிலர், அவதிப்பட்டவர்கள் நோயாளிகள்!

காவல்காரனே கவிழ்த்தான்

மூன்றாவது சம்பவம் 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந்தேதி நடந்தது. ஒரே நாளில் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் பறக்கவில்லை. இந்திய விமான நிலையங்களில், பயணிகளுக்கு போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

நின்றவை எல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். ஆனால், தவறு செய்தது மைக்ரோசாப்ட் அல்ல. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற காவல் கம்பெனி, விண்டோசுக்காகத் தவறான அப்டேட் ஒன்றை அனுப்பிவிட்டது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

இங்கே ஒரு விந்தை. 2017-ல் அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். 2024-ல் அப்டேட் உடனே போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டர்கள் மாட்டின!

கேள்வி மேல் கேள்வி

"எதைச் செய்தாலும் மனிதனைக் கேட்டுவிட்டுச் செய்தால் போயிற்று" என்று தோன்றலாம். அதையும் செய்து பார்த்தார்கள்.

2007-ல் "விஸ்டா" என்ற விண்டோஸ் விற்பனைக்கு வந்தது. "இதை அனுமதிக்கலாமா?" என்று அது அடிக்கடி கேட்டது. முதல் நாள் ஜனங்கள் படித்துப் பார்த்தார்கள். பிறகு படிக்காமலே "சரி" என்று தட்டினார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள்.

ஓயாமல் கூவும் சங்கை யாரும் காதில் போட்டுக்கொள்வது இல்லை!

விமானி செய்த தவறா?

இந்த வழக்கு கம்ப்யூட்டருக்கு முன்பே வந்தது.

இரண்டாவது உலகப் போரில், அமெரிக்காவின் பி-17 விமானங்களை ஓட்டியவர்கள், தரையில் இறங்கிய பிறகு சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிறு தரையில் மோதி உட்கார்ந்தது. "விமானியின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள்.

அல்போன்ஸ் சபானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர் உள்ளே ஏறிப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் கைப்பிடியும், இறக்கைப் பலகையை மடக்கும் கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன!

ஒரு கைப்பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரத்தை மாட்டச் செய்தார். மற்றதில் ஆப்பு வடிவத் துண்டு. தொட்டாலே தெரிந்தது. தவறு நின்றது. விமானியை யாரும் மாற்றவில்லை. கைப்பிடியைத்தான் மாற்றினார்கள்!

ஒருவர் தவறினால் அவரைக் கேட்கலாம். ஊரே ஒரே இடத்தில் தவறினால், தவறு அந்த இடத்தில் இருக்கிறது. சிஸ்டம் செய்கிறவர்கள் மறக்கக்கூடாத பாடம் இது.

நம் கையில் இருப்பது என்ன?

செய்கிறவர் திருந்தும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. வீட்டுப் பூட்டு மட்டம் என்பதற்காக, யாரும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது இல்லை.

சிஸ்டம் கேட்கும் அப்டேட்டைப் போடுங்கள். கிரவுட்ஸ்டிரைக் போன்ற விபத்து எப்போதோ ஒரு தடவை. போடாததால் வரும் ஆபத்து தினமும்! விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. அதை வைத்து இருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டும்.

முக்கியமான கணக்கு, கல்யாணப் படம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றித் தனியாக வையுங்கள். எந்த வைரசும் அதைத் தொட முடியாது.

தெரிந்தவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராத கடிதம் என்றால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பைலின் வாலை விண்டோஸ் இன்றைக்கும் மறைத்துத்தான் வைக்கிறது. தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லி, அது தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டால், பாட்டியையோ பையனையோ திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர்கள் நடந்ததை மறைப்பார்கள். என்ன தட்டினாய், திரையில் என்ன எழுதி வந்தது என்று அமைதியாகக் கேளுங்கள். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்!