ஆட்டோ ஓட்டியவர் மேயரானார்!

கும்பகோணம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெற்றிலை, டிகிரி காபி, மகாமகக் குளம்... சரிதானே? கணித மேதை ராமானுஜன் படித்த ஊர் என்றும் சில கெட்டிக்காரர்கள் சொல்வீர்கள். 2022-ம் ஆண்டு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. ஊரின் முதல் மேயராக வந்தவர், ஓர் ஆட்டோ ஓட்டுநர்!

1866-ம் ஆண்டிலிருந்து நகராட்சியாக இருந்த கும்பகோணம், 2021-ல்தான் மாநகராட்சி ஆனது. நகராட்சிக்குத் தலைவர், மாநகராட்சிக்கு மேயர். ஊரை 48 வார்டுகளாகப் பிரித்து, 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. 17-வது வார்டில் காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தார் கே.சரவணன். பல வருடங்களாக அதே ஊரில் ஆட்டோ ஓட்டியவர்.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று கூடித் தேர்ந்தெடுத்தார்கள். தி.மு.க. கூட்டணியில் காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே மேயர் பதவி கும்பகோணம்தான். அது சரவணனுக்கு வந்தது.

ஆட்டோ ஓட்டுபவருக்கு நிர்வாகம் தெரியுமா என்று யாராவது கேட்கலாம். எந்தத் தெருவில் பள்ளம், எந்த முக்கில் விளக்கு எரியவில்லை, மழை பெய்தால் எங்கே முழங்கால் தண்ணீர்... இதெல்லாம் ஆட்டோ ஓட்டுபவரைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும், சொல்லுங்கள்!

இதே கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பழையாறையில் சோழ ராஜாக்களின் அரண்மனை இருந்தது. அவர்கள் காலத்திலும் ஊர்த் தேர்தல் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர் கல்வெட்டுகள் அதை விவரமாகச் சொல்கின்றன. அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். ஓலையை எடுப்பது யார் தெரியுமா? ஒரு சின்னப் பையன்!

ஆனால், யார் பெயர் வேண்டுமானாலும் குடத்துக்குள் போகாது. வயது 35-லிருந்து 70-க்குள். வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய சொந்தக்காரர்களும் வர முடியாது! (இந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) நிலமில்லாத ஏழைக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை.

இன்று நிலம் வேண்டாம், வீடு வேண்டாம். 21 வயதும், வாக்காளர் பட்டியலில் பெயரும், டெபாசிட் பணமும் இருந்தால் மனுத் தாக்கல் செய்யலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமும் வந்தது.

கவுன்சிலரால் மேட்டூர் அணையைத் திறந்துவிட முடியாது. நெல் கொள்முதல் நிலையமும் அவர் கையில் இல்லை. அதெல்லாம் மாநில அரசின் வேலை. குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, பூங்கா, இவைதான் மாநகராட்சியின் வேலை. இதில் குறை இருந்தால் கவுன்சிலர் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

அப்படிக் கேட்க ஆளே இல்லாமலும் ஒரு காலம் இருந்தது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022-ல்தான்! நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். உங்கள் தெருவில் குழாய் உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கவுன்சிலர் என்றால் பக்கத்துத் தெருவில் இருப்பார்!

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல் வரும். லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுவார்கள். தண்ணீர், கழிப்பறை, குப்பை எல்லாவற்றுக்கும் அப்போதைய மன்றம்தான் ஓடியாட வேண்டும். அதற்கடுத்த மகாமகம் 2040-ல். அப்போது உங்களுக்கு என்ன வயது? 21 தாண்டியிருக்குமே!