சைக்கிளுக்காக மணியடிக்கும் மாதா கோயில்

கோயில் மணி எதற்கெல்லாம் அடிக்கும்? காலைப் பூஜைக்கு அடிக்கும். சாயரட்சை தீபாராதனைக்கு அடிக்கும். மாதா கோயிலானால் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக்கு அடிக்கும்; கல்யாணத்துக்கும் அடிக்கும், துக்கத்துக்கும் அடிக்கும். ஆனால், 'சைக்கிள் வருகிறது, சைக்கிள் வருகிறது!' என்று மணியடிக்கிற கோயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அப்படியும் ஒன்று இருக்கிறது, நேயர்களே! வட இத்தாலியில், கோமோ ஏரிக்கு மேலே, மக்ரேல்யோ என்ற மலையூரில் இருக்கிறது அந்தச் சின்னஞ்சிறு கோயில். கிஸாலோ மாதா கோயில் என்று பெயர். இலையுதிர் காலத்தில் லொம்பார்டியா சைக்கிள் பந்தயம் அந்த வழியாகப் போகும்போது, கோயில் மணி கணகணவென்று ஒலிக்கிறது. மூச்சுத் திணற ஏறி வருகிறவர்களுக்கு, 'இன்னும் கொஞ்ச தூரம்தான் அப்பா!' என்று அது சொல்கிற மாதிரி இருக்குமாம்.

ஏரியும் ஏற்றமும்

முதலில் இடத்தைக் கண் முன்னே கொண்டு வாருங்கள். பையன்கள் மாங்காய் அடிக்கக் கவண் வைத்திருப்பார்களே, அதைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ, அதுதான் கோமோ ஏரியின் வடிவம். ஆழமோ 400 மீட்டருக்கு மேல்! சுற்றிலும் மலைகள். ஒரு கிளையின் நுனியில் இருக்கிறது கோமோ நகரம். அது பட்டுக்குப் பேர் போன ஊர். நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, ஐரோப்பியப் பெண்மணிகளுக்குக் கோமோ அப்படி. இரண்டு கிளைகளும் பிரிகிற முனையில் பெல்லாஜியோ என்ற அழகான ஊர். அங்கிருந்துதான் நம்முடைய பாதை புறப்படுகிறது.

ஏரி நீர் கடல் மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயில் இருப்பது 754 மீட்டர் உயரத்தில். இடையே உள்ள தூரம் சுமார் 9 கிலோ மீட்டர்தான். "பூ! இவ்வளவுதானா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் உள்ள நாலு கிலோ மீட்டரும் செங்குத்தான ஏற்றம். மிகக் கடுமையான இடத்தில் நூறு அடி முன்னே போனால் பதினாலு அடி மேலே ஏற வேண்டும். நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள் அல்லவா? அப்படியே நிறுத்தாமல் அரைமணி நேரம் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கொஞ்ச தூரம் பாதை சமதரையாகி, இறக்கமாகவும் ஆகிவிடுகிறது. வேலைக்காரி சொல்லாமலே சீக்கிரம் வந்துவிட்ட நாள் மாதிரி, மனசுக்கு ஒரே குதூகலம்! ஆனால் அதை நம்பி உடம்பைத் தளர்த்திவிட்டவன் தொலைந்தான். கடைசியில் மறுபடியும் ஒரு செங்குத்து ஏற்றம் காத்திருக்கிறது. அதையும் கடந்த பிறகுதான் கோயில் கண்ணில் படும்.

பக்கத்திலேயே சொர்மானோ என்ற ஊரின் மேலே இன்னொரு குறுகலான பாதை உண்டு. அதற்குச் 'சுவர்' என்றே பெயர். நீளம் இரண்டு கிலோ மீட்டருக்குள்தான். ஆனால் சில இடங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து ஏற்றம்! 1960 முதல் 1962 வரை லொம்பார்டியா பந்தயத்தை இந்த வழியாக விட்டுப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த வீரரை முதுகில் கை கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பந்தயம் எங்கே, நியாயம் எங்கே? பாதையையே கைவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2012-ல்தான் மறுபடி பந்தயத்தில் சேர்த்தார்கள்.

பிரபுவைக் காத்த மாதா

கோயிலுக்கு ஒரு கதை உண்டு. வெகு காலத்துக்கு முன்னால் கிஸாலோ என்ற பிரபு இந்த மலைவழியே போனபோது திருடர்கள் சூழ்ந்துகொண்டார்களாம். வழியோரத்தில் ஒரு மாதா படம் அவர் கண்ணில் பட்டது. ஓடிப்போய் அங்கே அடைக்கலம் புகுந்தார்; உயிர் தப்பினார். அன்று முதல் அந்த மாதா வழிப்போக்கர்களின் காவல் தெய்வமானாள். சைக்கிள்காரர்களும் வழிப்போக்கர்கள்தானே? 1949-ம் வருஷம் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இந்த மாதாவைச் சைக்கிளோட்டிகளின் காவல் தெய்வமாகப் பிரகடனம் செய்தார்.

உள்ளே நுழைந்தால் சுவர் முழுவதும் சைக்கிள்! நேர்ந்துகொண்டவர்கள் வெள்ளியில் கண்மலர் செய்து சார்த்துவதைப் போல, இங்கே ஜயித்தவர்கள் தங்கள் சைக்கிளையே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள். இத்தாலியின் பரம வைரிகளான பார்த்தாலி, கொப்பி இருவருடைய சைக்கிள்களும் இங்கே இருக்கின்றன. அந்தப் பார்த்தாலி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது யூதர்களைக் காப்பாற்றுவதற்காகப் போலி அடையாளச் சீட்டுகளைத் தம் சைக்கிளின் குழாய்களுக்குள் ஒளித்து வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அபாரமான மனிதர்!

இன்னொரு சைக்கிளின் முன்னால் மட்டும் யாரும் பேச்சற்று நின்றுவிடுகிறார்கள். அது நெளிந்து கிடக்கும் சைக்கிள். கோமோவில் பிறந்த பாபியோ கஸார்தெல்லியுடையது. 1992-ல் பார்ஸிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 ஜூலையில் பிரான்ஸ் தேசத்துப் பந்தயத்தில் ஒரு மலை இறக்கத்தில் விழுந்து உயிர் துறந்தார். வயது 24. வீட்டில் கைக்குழந்தை. இப்படிச் சாலையில் மாண்டவர்களுக்காகக் கோயிலில் ஓர் அணையா விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

பத்துக் கோழிக்கு ஒரு சைக்கிள்

"எல்லாம் ஆண் பிள்ளைகளின் கதைதானா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை, சகோதரிகளே! உங்களுக்காகவே ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் 2006-ல் ஒரு சைக்கிள் காட்சிசாலை திறந்தார்கள். இந்த மலைமேட்டில் போற்றப்படுகிறவர்களில் அல்போன்ஸினா ஸ்த்ராதா என்ற பெண்மணியும் ஒருவர். 1891-ல் ஓர் ஏழைக் கூலிக்காரரின் மகளாகப் பிறந்தவர். அப்பா பத்துக் கோழிகளைக் கொடுத்து ஒரு பழைய சைக்கிளை வாங்கி வந்தாராம். அதில் ஏறினதுதான் தாமதம், பெண்ணைக் கீழே இறக்க ஒருவராலும் முடியவில்லை! பிரார்த்தனைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பந்தயத்துக்குப் போய்விடுவாளாம். 'பாவாடை கட்டின பிசாசு' என்று ஊரார் பெயர் வைத்தார்கள். பதினாலு வயதில் கல்யாணம். புருஷன் லூயிஜி கொடுத்த கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? புத்தம் புதிய சைக்கிள்!

1917-ல் லொம்பார்டியா பந்தயத்தில் ஆண்களோடு சேர்ந்து ஓட்டினார் அல்போன்ஸினா. முதலாவதாக வந்தவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கித்தான் வந்தார். ஆனாலும் வந்து சேர்ந்தார். எத்தனையோ ஆண்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். அடுத்த வருஷமும் விடாமல் ஓட்டினார். அப்போது பந்தயம் கிஸாலோ ஏற்றத்தைத் தொடவில்லை. 1919-ல்தான் அது சேர்ந்தது.

1924-ல் இத்தாலியைச் சுற்றிவரும் மாபெரும் பந்தயம். 12 கட்டங்கள், 3,613 கிலோ மீட்டர். புறப்பட்டவர்கள் 90 பேர். அல்போன்ஸினாவும் அதில் ஒருவர். பெயர்ப் பட்டியலில் கடைசி 'ஆ' காணாமல் போய், 'அல்போன்ஸின்' என்று ஆண் பெயர் மாதிரி இருந்தது!

அந்தக் காலத்துச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று பொத்தானைத் தட்டினால் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. அன்று பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் வந்தால் கீழே இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். சாலைகளோ பெரும்பாலும் கல்லும் புழுதியும்.

எட்டாவது கட்டத்தில் புயல் காற்றும் மழையும் அடித்தன. அல்போன்ஸினா கீழே விழுந்தார், ஹாண்டில்பார் ஒடிந்தது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு துடைப்பக்கட்டையின் துண்டை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டு மறுபடி மிதித்தார்! எந்தப் பொருள் எதற்கு உதவும் என்று பெண்களுக்குத் தெரியாதா என்ன?

ஆனால் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியவில்லை. நடுவர்கள் அவரை விலக்கிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா? இல்லை. "கணக்கில் சேர்க்காவிட்டால் போகிறது, ஓட்டவாவது விடுங்கள்" என்று கேட்டு அநுமதி பெற்றார். பரிசு இல்லை, இடம் இல்லை. ஆனாலும் மீதித் தூரம் முழுவதையும் ஓட்டி மிலான் வந்து சேர்ந்தார். கணக்கில் சேர்ந்த ஆண்களில் வந்து சேர்ந்தவர்கள் முப்பதே பேர்!

அதற்குப் பிறகு பெண்களுக்கு அந்தப் பந்தயத்தின் கதவு சாத்தப்பட்டது. இன்றுவரை அதில் ஓட்டிய பெண் அவர் ஒருவர்தான். பெண்களுக்கென்று தனியாக இத்தாலியைச் சுற்றும் பந்தயம் 1988-ல்தான் பிறந்தது. 64 வருஷம்! முதல் பந்தயத்தில் ஜயித்த மரியா கானின்ஸ் ஒரு குழந்தைக்குத் தாய். 'பறக்கும் அம்மா' என்று கொண்டாடினார்கள்.

அல்போன்ஸினா அதைப் பார்க்கவில்லை. புருஷன் சித்த சுவாதீனம் இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் குடும்பச் சுமையை ஒற்றை ஆளாகச் சுமந்தார். பின்னாளில் மிலானில் சைக்கிள் கடை நடத்தினார். 1959 செப்டம்பரில் ஒரு நாள், 68-வது வயதில், மோட்டார் சைக்கிளில் ஏறி வாரேஸே பக்கம் நடந்த சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அன்றே மாரடைப்பால் காலமானார்.

கிஸாலோ கோயிலுக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஒரு வீரர் கையை உயர்த்தி வெற்றிக் களிப்பில் இருக்கிறார். இன்னொருவர் கீழே விழுந்து கிடக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பீடம்தான். அந்தக் கோயில் மணியும், முதலில் வருகிறவருக்கு மட்டும் என்று அடிப்பதில்லை. ஏறி வருகிற எல்லோருக்காகவும்தான் அடிக்கிறது. அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றால், காயத்துக்கு மருந்து போடுங்கள். கையோடு அந்தத் துடைப்பக்கட்டைக் கதையையும் சொல்லிவிட்டு, மறுபடி ஏறச் சொல்லுங்கள்.