பிஸியான நாள்ல கடவுளுக்கு எங்கே இடம்?

இன்னைக்கு எபிசோடை ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் சொன்ன பொய்தான்.

எங்க வீடு பாளையங்கோட்டையில. ராத்திரி எட்டு மணின்னா குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, அப்பாவோட ஜெபம், அதுக்கப்புறம்தான் சாப்பாடு. நான் வேலைக்காக சென்னை வந்ததிலிருந்து அம்மா தினமும் போன்ல கேட்பாங்க, "ஜெபம் பண்ணினியாய்யா?" நானும் "பண்ணிட்டேன்மா"ன்னு சொல்லிடுவேன். போன வருஷம் ஒரு ராத்திரி அப்படிச் சொல்லிட்டு போனை வச்சப்போதான் யோசிச்சேன். கடைசியா எப்போ ஜெபம் பண்ணினேன்னே ஞாபகம் வரலை.

விசுவாசம் போயிடலை. ஞாயிறு ஆராதனைக்கும் போயிட்டுத்தான் இருந்தேன். ஆனா கடவுள் இல்லாமலேயே என் வாரம் ஓடிட்டிருந்துச்சு, அது எனக்கு உறைக்கவே இல்லை. அதுதான் பயமா இருந்துச்சு.

உடனே காலண்டர்ல காலை 5.30க்கு ஒரு ஸ்லாட் போட்டேன். மூணு நாள் நடந்துச்சு. நாலாவது நாள் ஆன்-கால். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சு, காலையில நானும் எழுந்திரிக்கலை. அப்புறம் குற்ற உணர்ச்சி. அதனாலேயே ஜெபம் இன்னும் தள்ளிப்போச்சு.

அந்த நேரத்துல படிச்சதுதான் சகோதரர் லாரன்ஸோட கதை. 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்காரர். முதல்ல போர்வீரர், காயம்பட்டு கால் ஊனமாயிடுச்சு. 1640ல பாரிஸ்ல கார்மேல் சபை மடத்துல சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைச்சது சமையல்கட்டு வேலை. அது அவருக்குச் சுத்தமா பிடிக்காது. ஒரு தடவை மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினாங்க. வியாபாரமும் தெரியாது, காலும் சரியில்லை. படகுல பீப்பாய்கள் மேல உருண்டு உருண்டுதான் நகர முடிஞ்சுதாம்.

அவர் செஞ்சது ரொம்ப எளிமையானது. வேலையைத் தொடங்கும்போது கடவுள்கிட்ட ஒரு வார்த்தை. நடுவுல அப்பப்போ ஒரு வார்த்தை. நல்லா முடிஞ்சா நன்றி. சொதப்பினா மன்னிப்பு கேட்டுட்டு, அங்கேயே உட்கார்ந்து புலம்பாம திரும்ப வேலைக்கு. மனசு அலைஞ்சா திட்டாம திருப்பிக் கூட்டிட்டு வர்றது. இதுவும் அவருக்கு ஒரே வாரத்துல கைவந்துடலை. முதல் பத்து வருஷம் ரொம்ப கஷ்டப்பட்டதா கடிதத்துல அவரே எழுதியிருக்கார்.

நான் தப்பா புரிஞ்சுக்கிட்டது இங்கேதான். நிரம்பி வழியுற நாள்ல கடவுளுக்குன்னு இன்னொரு மீட்டிங்கை நுழைக்கப் பார்த்தேன். அவரோ ஏற்கெனவே இருக்கிற வேலைக்குள்ள கடவுளைக் கூப்பிட்டார்.

அப்போ தனி ஜெபநேரம் வேண்டாமா? வேணும். லாரன்ஸோட மடத்துலயும் ஜெப நேரங்கள் இருந்துச்சு. மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்க. சாயங்காலம் ஊரே வாசல்ல நிக்குது. மறுநாள் விடியும் முன்னாடி இயேசு தனியா ஜெபம் பண்ணப் போறார். அங்கேயும் சீமோன் தேடிட்டு வந்து, எல்லாரும் உங்களைத் தேடுறாங்கன்னு சொல்றார். அவருடைய ஜெபநேரத்துக்கே இடைஞ்சல் வந்திருக்கு. தனிநேரம் தவறிப்போனா, அந்த நாளே போச்சுன்னு கைவிட வேண்டியதில்லை.

இப்போ நான் செய்றது மூணு விஷயம். லேப்டாப் திறக்கும் முன்னாடி ஒரு வரி ஜெபம். பில்ட் ஓடுற நாலு நிமிஷத்துல போனை எடுக்காம, டீம்ல ஒருத்தருக்காக ஜெபம். ராத்திரி படுக்கும் முன்னாடி ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு.

இதனால என்ன மாறுச்சு? ஒரு நாள் ஜூனியர் பையனோட கோடுக்கு நக்கலா ஒரு கமென்ட் டைப் பண்ணிட்டிருந்தேன். அன்னைக்குக் காலையில ஜெபம் பண்ணினதே அவனுக்காகத்தான். அனுப்ப முடியலை. அழிச்சுட்டு, அவன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்து விளக்கினேன். கடவுளுக்கு இடம் கொடுத்தா, சில நேரம் நம்ம கோபத்துக்கு இடம் குறைஞ்சுடுது.

இந்த வாரம் நீங்க தினமும் செய்யற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கோங்க. பாத்திரம் கழுவுறது, மெட்ரோவுக்கு நிக்கிறது, எதுவானாலும் சரி. அங்கே ஒரு வரி பேசிப் பாருங்க. மறந்தா, மறுநாள் திரும்ப.

நேத்து அம்மா வழக்கம்போல கேட்டாங்க. "காலையில விட்டுட்டேன்மா, சாயங்காலம் பைக்ல வரும்போது பேசினேன்"னு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க, "ஹெல்மெட் போட்டிருந்தியாய்யா?"

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.